அளவெடுக்காமல் கொடுக்கும் சக்கர நாற்காலியும் கேட்காமல் கட்டும் சாய்தளமும்

பத்திராதிபர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் பிரதேசச் செய்திப் பக்கங்களில் அடிக்கடி ஒரு படம் வருகிறது. ஆலய மண்டபத்திலோ பாடசாலை மைதானத்திலோ புத்தம் புதிய சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கும்; பொலித்தீன் உறை கூடக் கழற்றப்பட்டிராது. பயனாளிகள் முன்னால் இருத்தப்பட்டிருப்பார்கள், பிரமுகர்கள் பின்னால் நிற்பார்கள். காசு அனுப்பியவர்களில் பெரும்பாலானோர் இந்த மண்ணின் பிள்ளைகள்தான். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் உழைத்து, தாயின் அந்தியேட்டி நினைவாகவோ பிள்ளையின் பிறந்தநாளுக்கோ அனுப்பியிருப்பார்கள். அந்த மனதை நாங்கள் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அந்தக் காசு வீண்போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீடு வீடாகப் போய் வருகிற மாற்றுத்திறனாளிகள் சங்கங்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அப்படிக் கொடுக்கப்பட்ட நாற்காலிகளில் பல, அடுத்த மாரி வருவதற்குள் வீட்டின் பின்பத்தியில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. சில வீடுகளில் நிலைமை அதைவிட மோசம்: நாற்காலி பாவனையில் இருக்கிறது, அதில் இருப்பவருக்குப் புண் வந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கொடுப்பதற்கு முன் அந்த ஆளை யாரும் அளக்கவில்லை.

கடைகளில் மொத்தமாகக் கிடைக்கும் மடக்கு நாற்காலி பெரும்பாலும் 18 அங்குல இருக்கை அகலம் கொண்டது. ஆஸ்பத்திரியில் நோயாளியை வாட்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கென்று செய்யப்பட்ட வகை அது. பின்னால் ஒருவர் தள்ளுவார், முன்னால் இருப்பவர் அரை மணித்தியாலம் இருந்தால் போதும். நாள் முழுக்க அதிலேயே இருந்து, தன் கையாலேயே சில்லை உருட்டி, சமைத்து, கடைக்குப் போய்வர வேண்டியவருக்கு அது பொருந்தாது. இடுப்பு 13 அங்குலம் உள்ள ஒரு பெண் அதில் இருந்தால் இரு பக்கமும் இரண்டரை அங்குலம் வெளி கிடக்கும். உடம்பு ஒரு பக்கம் சரியும். சரிந்த பக்கமே பழகி, காலப்போக்கில் முள்ளந்தண்டும் வளையும். சில்லு எட்டத்தில் இருப்பதால் கையை அகட்டி அகட்டி உருட்டித் தோள்மூட்டு பழுதாகும். எட்டு வயதுப் பிள்ளையை அதே நாற்காலியில் இருத்தினால் கால் கால்தட்டுக்கு எட்டாது, பிள்ளை முன்னுக்கு வழுக்கிக்கொண்டே வரும். வழுக்காமல் இருக்கத் தாய் ஒரு துணியால் வயிற்றோடு சேர்த்துக் கட்டிவைப்பார். வளர்கிற எலும்பு அந்த வளைந்த நிலையிலேயே வளரும்.

அளவெடுப்பது பெரிய வித்தையல்ல. ஒரு தையல் நாடாவும் தட்டையான பலகை வாங்கும் போதும். ஆளை வாங்கில் எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்த்தி இருத்த வேண்டும். படுக்க வைத்து எடுக்கும் அளவு சரிவராது.

முதலில் இடுப்பின் அகலம். இடுப்பின் இரு பக்கமும் இரண்டு கொப்பி மட்டைகளை நேராக நிறுத்தி, அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். நாடாவைத் தொடைக்கு மேலால் வளைத்து அளந்தால் இரண்டு மூன்று அங்குலம் கூடிவிடும். பலர் பிழைவிடுவது இங்கேதான். இருக்கையின் அகலம் இந்த அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும், மிஞ்சிப்போனால் 3 சென்ரிமீற்றர் கூடலாம். அடுத்தது பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்காலின் உட்புறம் வரை. இரண்டு காலையும் தனித்தனியே அளந்து, குறைந்த அளவை எடுத்து, அதிலிருந்து 3 முதல் 6 சென்ரிமீற்றர் கழித்தால் இருக்கையின் ஆழம் வரும். ஆழம் கூடினால் இருக்கையின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும். அதிலிருந்து தப்ப ஆள் முன்னுக்கு நகர்ந்து, முள்ளந்தண்டின் அடிநுனியில் இருக்கத் தொடங்குவார். மூன்றாவது, முழங்காலின் உட்புறத்திலிருந்து குதிக்கால் வரை, வழக்கமாகப் போடும் செருப்போடு. இது கால்தட்டின் உயரத்துக்கு. கால்தட்டு உயர்ந்திருந்தால் முழங்கால் மேலெழும்பி, உடம்பின் பாரம் முழுவதும் பிட்டத்து எலும்புகளிலேயே விழும். மெத்தையின் தடிப்பைக் கணக்கில் எடுக்காமல் கால்தட்டைப் பூட்டிவிடுவதும் வழமையாக நடக்கும் பிழை. தட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் 5 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஒழுங்கைகளில் கல்லிலும் வேரிலும் முட்டும். நான்காவது, முதுகுச் சாய்வின் உயரம். தானே உருட்டக்கூடியவருக்குத் தோள்பட்டை எலும்பின் கீழ்நுனிக்குக் கீழே நின்றால் கை தடையின்றி அசையும். உடம்பை நிமிர்த்திப் பிடிக்க முடியாதவருக்கு உயர்ந்த சாய்வு தேவை. பெண்களை அளக்கப் பெண் ஒருவரே போக வேண்டும். இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் பல இடங்களில் நடப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில், வளம் குறைந்த நாடுகளுக்கென்றே, சக்கர நாற்காலி வழங்குவதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் எட்டுப் படிகள் உண்டு: ஆளைக் கண்டறிந்து நேரம் குறித்தல், பார்த்து அளவெடுத்தல், எந்த நாற்காலி என்று தீர்மானித்தல், காசு தேடிக் கொள்வனவு செய்தல், நாற்காலியை ஆளுக்கேற்பத் தயார்படுத்தல், இருத்திப் பொருத்திப் பார்த்தல், பழக்குதல், பிறகு தொடர்ந்து கவனித்துத் திருத்திக் கொடுத்தல். எங்கள் மேடைகளில் நான்காவது படியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. முதல் மூன்றையும் கடைசி நான்கையும் பெருஞ்செலவில்லாமல் செய்யக்கூடியவர்கள் அந்தந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள்தான் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் உறுப்பினர்கள்: பல வருடமாக நாற்காலியில் இருப்பவர்கள், விசேட தேவையுள்ள பிள்ளைகளை வளர்த்த தாய்மார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எப்படி, முன்சில்லைத் தூக்கி ஒரு படி ஏறுவது எப்படி, விழுந்தால் எப்படி விழுவது என்பதையெல்லாம் அதைத் தினமும் செய்கிற ஒருவர் சொல்லிக் கொடுத்தால்தான் இன்னொருவருக்குத் துணிவு வரும். தனிப்பட்ட சிக்கல் உள்ளவர்களை, குறிப்பாக மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளை, அரச வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடமோ தொழில்வழி மருத்துவரிடமோ காட்டித்தான் நாற்காலியைத் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குத் தலைக்கும் இடுப்புக்கும் தாங்கு வைத்த நாற்காலி வேண்டும். கடைச் சரக்கு உதவாது.

மெத்தையைப் பற்றி நாங்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போவது அங்கேதான். யுத்தத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள், மரத்திலிருந்தும் கிணற்றிலும் விழுந்தவர்கள், மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்கள் ஆகியோரில் பலருக்குப் பிட்டத்தில் உணர்ச்சி இல்லை. நாங்கள் வாங்கில் இருந்தால் சற்று நேரத்தில் நோகும், அறியாமலே அசைவோம். அவர்களுக்கு நோகாது, அதனால் அசையவும் மாட்டார்கள். எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் நசிபடும் தசைக்கு இரத்தம் போகாமல், உள்ளேயே அழுகத் தொடங்கும். வெளியில் ஒரு சிறு சிவப்புத்தான் தெரியும். கவனிக்காமல் விட்டால் எலும்பு வரை போய், கிருமி இரத்தத்தில் கலந்து ஆளையே கொண்டுபோய்விடும். எனவே அழுத்தம் தணிக்கும் மெத்தை இல்லாத நாற்காலியை உணர்ச்சியற்ற ஒருவருக்குக் கொடுக்கவே கூடாது. கொடுப்பதிலும் கொடாமல் இருப்பது மேல் என்று கூட நாங்கள் சொல்வோம்.

மெத்தை சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆளை மெத்தையில் இருத்தி, இரு கைகளையும் அவருடைய தொடையில் வைக்கச் சொல்ல வேண்டும். உள்ளங்கை மேலே பார்க்க, உங்கள் விரல்களை அவருடைய பிட்டத்து எலும்புக்கு நேர் கீழே நுழையுங்கள். விரல்நுனியை 5 மில்லிமீற்றராவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் பாதுகாப்பு. அசைக்க முடியாது, ஆனால் இலேசாக வெளியே இழுக்கலாம் என்றால் எச்சரிக்கை. விரல் நசிபட்டு இழுக்கவே கஷ்டமாக இருந்தால் அந்த மெத்தையை அன்றோடு நிறுத்த வேண்டும். இதை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், சரிந்து இருப்பவருக்கு ஒரு பக்கம் மட்டும் நசியும்.

சந்தையில் விற்கும் சாதாரண ஸ்பொஞ்ச் சில மாதங்களில் தட்டையாகிவிடும். அடியில் இறுக்கமானதும் மேலே மென்மையானதுமாக இரண்டு படை வைத்து ஒட்டிய மெத்தைதான் நிலைக்கும். அதற்குமேல் றெக்சினை இழுத்து இறுக்கித் தைத்துவிட்டால் உள்ளே எவ்வளவு நல்ல ஸ்பொஞ்ச் இருந்தும் பலனில்லை. பாரத்தை இறுகிய துணியே தாங்கும், ஆள் அமிழ மாட்டார். உறை தளர்வாகவும் இழுபடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். நாற்காலியின் துணி இருக்கை நாளாக நாளாகத் தொய்ந்து ஏணை மாதிரி ஆகிவிடும், இரண்டு தொடையும் நடுவில் வந்து முட்டும். அதனால் மெத்தைக்கு அடியில் அரை அங்குலப் பிளைவுட் பலகை ஒன்றை வெட்டிப் போட வேண்டும். மெத்தையைக் கழுவினால் நிழலில் காய விடுங்கள், எங்கள் வெயிலில் ஸ்பொஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

எந்த மெத்தையானாலும் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை உடம்பை முன்னுக்கோ பக்கவாட்டிலோ சாய்த்து ஓரிரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். கையை ஊன்றி ஒரு நொடி எழும்பி இருப்பது போதாது. இரவில் ஒரு கண்ணாடியால், அல்லது வீட்டாரைக் கொண்டு, தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறாமல் சிவப்பாகவே நின்றால், அது மாறும் வரை அந்த இடத்தில் பாரம் விழக் கூடாது. இதைச் சொல்லிக் கொடுக்காமல் மாலை போட்டு நாற்காலியைக் கொடுத்து என்ன பயன்?

இனித் திருத்த வேலை. எங்கள் கரையோரக் காற்றில் உப்பு இருக்கிறது, நிலத்தில் மணல் இருக்கிறது. முன்சில்லின் பெயரிங்தான் முதலில் போகும். பெரும்பாலான நாற்காலிகளில் அது 608 என்ற இலக்கமுடையது. உள்விட்டம் 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22 மில்லிமீற்றர். கடையில் இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். ஆனால் அது பெயரிங் கோளாறு என்று தெரியாமல் நாற்காலியே பழுதென்று ஒதுக்கிவிடுகிறார்கள். சிலவேளை பெயரிங்கும் பழுதாகியிராது, தலைமயிரும் நூலும் அச்சில் சுற்றி இறுகியிருக்கும். நட்டைக் கழற்றி எடுத்துவிட்டால் சில்லு ஓடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது தடித்து மணலைப் பிடித்துவைக்கும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் நல்லது.

பின்சில்லின் ரயரில் ஒரு சிக்கல் உண்டு. நாற்காலிக்கு வரும் ரயர் 24 x 1 3/8. சிறுவர் சைக்கிள் ரயர் 24 x 1.75. இரண்டிலும் 24 என்று இருப்பதால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், ஆனால் பொருந்தாது. ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் சிறிய எழுத்தைப் பார்த்தால் முதலாவதில் 37-540 என்றும் இரண்டாவதில் 507 என்ற இலக்கமும் இருக்கும். 540, 507 என்பன ரயர் போய் அமரும் றிம்மின் விட்டம், மில்லிமீற்றரில். காற்றுக் குறைந்த ரயரோடு ஓட்டுவதும் ஆபத்து. நாற்காலியின் பிரேக் ரயரை அழுத்தித்தான் பிடிக்கிறது. காற்று இல்லையென்றால் பிரேக் பிடிக்காது, கட்டிலுக்கு மாறும்போது நாற்காலி பின்னுக்கு ஓடி ஆள் நிலத்தில் விழுவார். பெருவிரலால் அழுத்தினால் 5 மில்லிமீற்றருக்கு மேல் அமுங்கக் கூடாது.

ஆகவே உதவி செய்யும் உறவுகளிடம் எங்கள் கோரிக்கை இது. பத்து நாற்காலிக்குக் காசு இருந்தால் ஏழோ எட்டோ வாங்குங்கள். மீதிக் காசில் மெத்தை, ரயர், ரியூப், பெயரிங், ஸ்பானர், காற்றுப் பம்பு வாங்கி, அந்தப் பிரதேசத்தின் சங்கத்திடம் பற்றுச்சீட்டோடு ஒப்படையுங்கள். எந்த நாற்காலி என்று முடிவெடுக்கும் முன் வீட்டையும் வீதியையும் பார்க்கச் சொல்லுங்கள். வாகரையின் மணலிலும் வவுணதீவின் கிறவல் வீதியிலும் ஒடுங்கிய முன்சில்லுள்ள நாற்காலி புதையும். நீளமான அடிப்பகுதியும் பெரிய முன்சில்லுமுள்ள மூன்று சில்லு நாற்காலிதான் அங்கே ஓடும். தூரம் போக வேண்டியவருக்குக் கையால் சுற்றும் முச்சில்லு வண்டி நல்லது, ஆனால் அது வீட்டுக் கதவால் நுழையாது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றுவதற்கும் இரண்டு பேர் வேண்டும். நினைவுக்குப் படம் எடுக்க விரும்பினால் எடுங்கள். பயனாளியிடம் முதலில் கேளுங்கள், மறுத்தால் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் படத்தை விட்டுவிடுங்கள். பத்திரிகையாளர்களும் அப்படி ஒரு செய்தி எழுதும்போது, அளவெடுத்தவர் யார், பழுதானால் எங்கே கொண்டுபோவது என்ற இரண்டையும் கேட்டு எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

நாற்காலி சரியாக அமைந்தாலும் அது போகும் இடத்தில் வழி வேண்டுமே. பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகு வசதி பற்றிய ஒழுங்குவிதிகள், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 ஒக்டோபர் 17இல் வர்த்தமானியில் வெளியாகின. புதிய பொதுக் கட்டடங்கள் அவற்றை மீறிக் கட்டப்படக் கூடாது என்று 2011 ஏப்ரல் 27இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் பின்னுறுதி செய்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. குறை இருப்பது மேசன் சாந்து குழைக்கும் இடத்தில்.

சாய்தளத்துக்கான பொதுவான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். வெள்ளம் வரும் மாவட்டம் என்பதால் எங்கள் கட்டடங்களை உயர்த்திக் கட்டுகிறார்கள், அது சரிதான். ஆறு படி வைத்து 3 அடி உயர்த்தினால் சாய்தளம் 36 அடி வர வேண்டும். இடையில் 5 அடித் தட்டையான மேடையும் வேண்டும். இடம் போதாவிட்டால் மடக்கிக் கட்டலாம். ஆனால் மதிப்பீட்டில் ‘சாய்தளம் 1’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள், நீளம் இராது. ஒப்பந்தகாரர் படிக்குப் பக்கத்தில் கிடைத்த 12 அடியில் அதை முடித்துவிடுவார். ஒன்றுக்கு நாலு. அதில் ஏறினால் நாற்காலி பின்னுக்குக் கவிழும், இறங்கினால் கையால் பிடித்து நிறுத்த முடியாது. பிறகு அது மோட்டார் சைக்கிள் ஏற்றும் பாதையாகிவிடும்.

யாரும் பரீட்சித்துப் பார்க்கலாம். சரியாக 4 அடி நீளமான நேர்ப்பலகையொன்றின் மேல் ரசமட்டத்தை வைத்து, பலகையின் ஒரு நுனி சாய்தளத்தின் மேற்பக்கத்தில் தொட, மற்ற நுனியைத் தூக்கி மட்டம் பார்க்க வேண்டும். தூக்கிய நுனிக்கும் தளத்துக்கும் இடையில் 4 அங்குலம் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் பிழை. இரண்டு மூன்று இடத்தில் பார்க்க வேண்டும், ஏனெனில் பலர் மேலே சரியாகக் கட்டி, கடைசி ஐந்தடியைச் செங்குத்தாக இறக்கிவிடுகிறார்கள்.

மேற்பரப்பைச் சீமெந்துப் பால் பூசி மினுக்கக் கூடாது, மாபிளும் பதிக்கக் கூடாது. மார்கழி மழையில் ஊன்றுகோல்காரர் அதில் கால்வைக்க முடியாது. கொங்கிறீற் இறுகுமுன் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துவிட்டால் போதும். இரு ஓரத்திலும் 3 அங்குல விளிம்பு வேண்டும், முன்சில்லு வெளியே போகாமல் இருக்க. கைப்பிடி 3 அடி உயரத்தில், இரு நுனியிலும் ஓர் அடி மேலதிகமாக நீள வேண்டும். சாய்தளம் போய்ச்சேரும் வாசலில் இரண்டங்குல நிலைப்படி இருந்தால் எல்லாப் பாடும் வீண்.

மலசலகூடம் இன்னும் கவலைக்குரியது. கொமட் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கதவு உள்ளே திறந்தால் நாற்காலி உள்ளே போனபின் கதவைச் சாத்த முடியாது. உள்ளே ஒருவர் விழுந்தால் வெளியிலிருந்து திறக்கவும் முடியாது. வெளியே திறக்க வேண்டும், அல்லது இழுவைக் கதவாக இருக்க வேண்டும். 3 அடி நிலை என்று போட்டாலும் நிலையின் தடிப்பும் திறந்து நிற்கும் கதவும் பிணைச்சலும் போக மிஞ்சும் வெளியைத்தான் அளக்க வேண்டும். உள்ளே நாற்காலி சுற்றித் திரும்ப 5 அடிக்கு 5 அடி, கொமட்டின் ஒரு பக்கத்தில் நாற்காலியை நிறுத்த 3 அடி, கொமட் இருக்கையின் உயரம் 18 அங்குலம். கைப்பிடிக் கம்பியைத் துளைக்கல் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்துப் பூட்டினால், ஒருவர் முழுப் பாரத்தையும் கொடுத்து எழும்பும் நாளில் கம்பி கையோடு வரும். கம்பி வரும் இடத்தில் கல்லின் துளையைக் கொங்கிறீற்றால் நிரப்பித்தான் பூட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருக்கும் இடங்களிலும் அந்த அறையில் தும்புத்தடியும் வாளியும் அடுக்கிப் பூட்டி, திறப்பு யாரிடம் என்று தேட வைக்கிறார்கள்.

சாய்தளம் நாற்காலிக்காரருக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் பாடசாலைகள்தான் முகாமாகின்றன. படுக்கையில் கிடக்கும் முதியோரையும் நிறைமாதக் கர்ப்பிணிகளையும் ஏற்றுவதும் அந்தச் சாய்தளத்தால்தான். எந்த வீட்டில் யாரைத் தூக்க வேண்டும், யாருக்குக் காது கேளாததால் ஒலிபெருக்கி அறிவித்தல் போய்ச்சேராது என்ற பட்டியல் சங்கங்களின் கையில் இருக்கிறது. கிராம உத்தியோகத்தர்கள் மழை தொடங்கும் முன் அதை வாங்கி வைத்துக்கொண்டால் இரவில் ஓட வேண்டியிராது.

அலுவலகக் கருமபீடங்களைப் பற்றிச் சுருக்கமாக. இலக்கம் கூப்பிடும்போது பலகையிலும் காட்டினால் செவிப்புலன் குறைந்தவருக்குத் தெரியும். பலகையில் மட்டும் காட்டாமல் வாயாலும் சொன்னால் விழிப்புலன் இழந்தவருக்குத் தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது, நல்லதே. ஆனால் அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் வேறுவேறாக இருப்பதாலும் வங்கிக் கணக்கில் கையொப்பம் மாறுவதாலும் விண்ணப்பங்கள் நிற்கின்றன. விண்ணப்பிக்கும் முன் சங்கத்திடம் காட்டினால் இவற்றை முன்கூட்டியே சரிசெய்யலாம். அரச தொழில் வெற்றிடங்களில் 3 சதவீதம் ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இலிருந்தே இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வாக்களிக்க விருப்பமான துணையாளரை அழைத்துச் செல்ல 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. வைத்தியர், கிராம உத்தியோகத்தர் ஆகியோரின் கையொப்பத்தோடு தகுதிச் சான்றிதழைத் தேர்தலுக்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஊரில் கட்டப்படும் ஒரு கட்டடத்தின் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் பார்க்க இந்நாட்டுப் பிரஜை எவருக்கும் உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். அத்திவாரம் வெட்டும்போதே கேளுங்கள். கூரை போட்டபின் கேட்டால், ‘இனி உடைக்கவா சொல்லுகிறீர்கள்’ என்ற பதில்தான் வரும்.

மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை உறுப்பினர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் பாதீடு தயாராகும்போது சக்கர நாற்காலித் திருத்தத்துக்கென்று ஒரு தலைப்பைப் போடுங்கள், சிறு தொகை போதும். சபையின் பணத்தில் கட்டப்படும் ஒவ்வொரு கட்டடத்திலும், தொழில்நுட்ப உத்தியோகத்தர் இறுதிக் கொடுப்பனவுக்குக் கையொப்பமிடும் முன், அந்தப் பிரதேசத்துச் சங்கத்தின் நாற்காலிப் பாவனையாளர் ஒருவரையும் விழிப்புலன் இழந்த ஒருவரையும் அழைத்து, வெளிவாசலிலிருந்து மலசலகூடம் வரை துணையில்லாமல் போய்வரச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அந்த இடத்தைத் திருத்தியபின் கையொப்பமிடுங்கள். அழைத்தால் நாங்கள் வருவோம். ஓட்டோக் கூலியைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
மாற்றுத்திறனாளிகள் சங்க நிர்வாகக் குழுவினர்,
மட்டக்களப்பு.